பத்து மாத அட்வான்ஸ்

மாவு வாங்கும்போது ஜெயமணி செய்யும் ஒரு காரியத்தை நான் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். நான் கரண்டியால் மாவை ஊற்றி முடித்ததும் தூக்கின் விளிம்பில் கொஞ்சம் வழியும். மற்றவர்கள் அதை விரலால் துடைத்துச் சுவரில் தேய்ப்பார்கள், இல்லாவிட்டால் அப்படியே மூடியைப் போட்டுக்கொண்டு போவார்கள். ஜெயமணி ஆள்காட்டி விரலை விளிம்பைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டி, வந்த மாவை மறுபடியும் தூக்குக்குள்ளேயே விடுவாள். விரலில் ஒட்டியதையும் உள்பக்கமாக வழித்து விடுவாள். அதற்குப் பிறகுதான் மூடி. அவசரமாக ஷிப்டுக்கு ஓடுகிற நாளிலும் இது மாறியதில்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அவள் எப்போதுமே செலவாளி கிடையாது. பின்னால் அவள் செலவைக் குறைத்த கதையைக் கேட்டவர்கள், முன்னே கண்டபடி செலவழித்தவள் போலிருக்கிறது என்று நினைத்தார்கள். அப்படி இல்லை. அவளிடம் குறைப்பதற்கே கொஞ்சம்தான் இருந்தது.

மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் இருந்தது லைன் வீடு. ஒரே வரிசையில் ஒற்றை அறைகள், கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குளியலறை. வாசலை ஒட்டிய முதல் அறை என்னுடையது. சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வைத்து இட்லி மாவு விற்பேன். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. மாவு ஊற்றுகிற நேரத்தில் வந்தவர்கள் பேசுவார்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஜெயமணியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அப்படிக் கேட்டது, மீதி பார்த்தது.

அவளுக்கு ஊர் ஊத்தங்கரைக்கு அருகே ஒரு மானாவாரிக் கிராமம். கட்டியவன் லாரி ஓட்டினான். கர்நாடகத்துக்கு லோடு கொண்டுபோய்க் கொண்டுபோய் அந்தப் பக்கமே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டான். சண்டை போட்டுப் பார்த்துவிட்டு ஜெயமணி ஓசூருக்கு வந்தாள். காருக்குள் போகும் வயர்களைக் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை கிடைத்தது. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு என்று ஷிப்டு மாறும். மகள் மேகலாவை ஊத்தங்கரையில் தன் அக்கா ருக்மணி வீட்டில் விட்டிருந்தாள். அப்போது மேகலா மூன்றாம் வகுப்பு. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வருவாள். போகும்போது பேக்கரியில் தேங்காய் வைத்த தில்பசந்த் வாங்கிப் போவாள். அங்கே விற்பதைவிட ஓசூர் பேக்கரியில் வாங்குவதுதான் நன்றாக இருக்கிறது என்று மகள் சொல்வாளாம்.

மேகலா ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருஷம் ஜெயமணிக்கு ஒரே நினைப்பாகிவிட்டது. பதினொன்றாம் வகுப்புக்காவது மகள் தன்னோடு ஓசூரில் இருக்க வேண்டும். அதற்கு வீட்டுக்குள்ளேயே குளியலறை இருக்கிற வீடு வேண்டும்.

"வயசுக்கு வந்த புள்ளய பக்கெட்டத் தூக்கிக்கிட்டு இந்த ஆம்பளைங்க வரிசையில நிக்க வெக்க முடியுமாக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

ஓசூரில் வீடு தேடியவர்களுக்குத் தெரியும். பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கிற பாவத்துக்கு இங்கேயும் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார்கள். மாத வாடகையை எப்படியாவது கொடுத்துவிடலாம். அந்தப் பத்து மாதத்தை மொத்தமாக எடுத்து வைக்க வேண்டும், அதுதான் மலை. ஜெயமணி அதைச் சீட்டு எடுத்தோ, வாரக் குழுவில் கடன் வாங்கியோ கட்டத் தயாராக இல்லை. வாரக் குழுவுக்குக் கட்டி முடித்த பழைய கடனின் பயம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

அந்தச் சமயத்தில் கம்பெனியில் ஒரு மதியம் வேலையை நிறுத்தி வகுப்பு எடுத்தார்கள். வெளியிலிருந்து வந்த ஒரு அம்மா செலவை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார்களாம். இல்லாமல் முடியாதது ஒன்று, இல்லாவிட்டாலும் முடிவது ஒன்று. இரண்டாவதைக் குறைத்தால் ஒரு வருஷத்தில் கையில் எவ்வளவு நிற்கும் என்று பலகையில் எழுதிக் காட்டினார்களாம். மற்றவர்கள் கம்பெனி கொடுத்த சமோசாவைத் தின்றுவிட்டு வந்தார்கள். ஜெயமணி அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் தூக்கோடு என் ஜன்னலில் நின்றவள், "இது இல்லாம முடியுமா, முடியாதாக்கா?" என்றாள்.

"எது?"

"உன் மாவுதான்."

அவளுக்குப் பின்னால் ஆஃப்ஷீன் நின்றிருந்தாள். கிருஷ்ணகிரிப் பெண், ஜெயமணிக்கு அடுத்த அறை, கம்பெனியிலும் பக்கத்துப் பக்கத்தில்தான் வேலை. அவள் வாய் சும்மா இருக்காது.

"நல்லா ஆளப் பாத்துக் கேட்ட போ. கறிக்கடை பாய்கிட்ட போயி ஆட்ட வெட்டலாமா வேணாமான்னு கேளு" என்றாள்.

ஜெயமணியும் சிரித்தாள். ஆனால் மறுநாளிலிருந்து தூக்கு வரவில்லை.

தலைக்குப் பூ வைப்பது அந்த வகுப்புக்கு முன்பே நின்றிருந்தது. மாவுக்கு அடுத்து டீ. கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே பெண்கள் ஐந்து பேர் ஒரு கூட்டு. ஒரு நாள் ஒருத்தி எல்லோருக்கும் சேர்த்துக் காசு கொடுப்பாள். ஜெயமணி விலகிக்கொண்டாள். அவர்கள் விடவில்லை, நீ காசு கொடுக்க வேண்டாம், சும்மா வந்து குடி என்று கூப்பிட்டார்கள். திருப்பி வாங்கித் தர முடியாத டீயைக் குடிக்கக் கூடாது என்பது அவள் நியாயம். கூப்பிடுகிறவர்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று கொஞ்சம் தள்ளிப்போய் மின்கம்பத்தின் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தாள். கொஞ்ச நாளில் கூப்பிடுவது நின்றது. பஸ் வரும்வரை அவர்கள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

கேன்டீனில் சாப்பாடு மலிவு என்பதால் கம்பெனி கேட்ட கூடுதல் நேர ஓ.டி. எல்லாம் செய்து அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தாள். அவள் அறையிலிருந்து தாளிக்கிற வாசனை வருவதே இல்லை. வந்தால் கதவைச் சாத்தித் தூங்குவாள், எழுந்தால் போவாள். "ஜெயமணிக்கா மூச்சக்கூட ஒரு மூக்குலதான் வுடுது. இன்னொண்ண மாசக் கடைசிக்கு வெச்சிருக்குது" என்று ஆஃப்ஷீன் குளியலறை வரிசையில் எல்லோர் முன்பும் சொன்னாள். ஜெயமணி வாளியோடு அதே வரிசையில் நின்றிருந்தாள். அவளும் சிரித்தாள்.

நான் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவள் செய்தது பலித்தது. மாதா மாதம் வங்கியில் பணம் ஏறியது. சம்பளம் வந்த மறுவாரமே கைமாற்றுக்கு அலைகிறவர்கள் அந்த வரிசையில் நிறையப் பேர். அவர்களில் இவள் இல்லை.

ஆஃப்ஷீனின் நிக்காஹ் கிருஷ்ணகிரியில் நடந்தது. எல்லோரும் வேனுக்குப் பங்கு போட்டுக்கொண்டு போனோம். ஜெயமணி அன்றைக்கு ஓ.டி.க்குப் பெயர் கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, இரட்டைச் சம்பளம். வேனுக்கும் பரிசுக்கும் கொடுப்பது மிச்சம், சம்பளம் லாபம். முதல் நாள் நான் அவளைக் கூப்பிட்டேன். நான் யாரையும் எதற்கும் கூப்பிடுகிறவள் அல்ல. அதனாலோ என்னவோ கொஞ்சம் யோசித்தாள்.

"ஒண்ணுக்கு வுட்டா எல்லாத்துக்கும் வுடணும்க்கா" என்றாள்.

ஆஃப்ஷீன் அவளுக்கென்று ஒரு டப்பாவில் பிரியாணி கொடுத்து விட்டிருந்தாள். அதைக் கொண்டுவந்து அவள் கதவுக் கொக்கியில் மாட்டினேன். காலையில் அந்த டப்பா கழுவித் துடைத்து என் ஜன்னல் மேல் இருந்தது. ஆஃப்ஷீன் அறையைக் காலி செய்துவிட்டு மாமியார் வீட்டோடு போய்விட்டாள். டப்பா என்னிடமேதான் இருக்கிறது.

கடைசியில் ஊத்தங்கரைப் பயணத்திலும் கை வைத்தாள். நேர் பஸ்ஸில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் அதற்கு டிக்கெட் உண்டு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஓசூரிலிருந்து சூளகிரிக்கு ஒரு டவுன் பஸ், அங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒன்று, பிறகு மத்தூர், அதன் பிறகு ஊத்தங்கரை. இப்படி மாறி மாறி ஏறினால் கைக்காசு இல்லாமலே போய்ச் சேரலாம் என்று கண்டுபிடித்தாள். அதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தில்பசந்த் வாங்குவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

விடியும்போது கிளம்பினாலும் ஊத்தங்கரை சேர மதியம் தாண்டிவிடும். ஒரு பஸ்ஸுக்கு ஒன்று காத்திருக்க வேண்டும். திரும்பவும் அதே டவுன் பஸ்களைப் பிடிக்க வேண்டும் என்பதால் மகளோடு உட்கார முக்கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது. மேகலா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிற்பாள். அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பேசிவிட்டு இவள் அடுத்த பஸ்ஸைப் பார்ப்பாள்.

ஒரு முறை இரவு ஷிப்டு முடிந்த கையோடு கிளம்பிப் போனாள். சூளகிரியில் ஏறியவள் கடைசி சீட்டில் தூங்கிப்போனாள். கிருஷ்ணகிரியில் எல்லோரும் இறங்கினார்கள், இவளை யாரும் கவனிக்கவில்லை. பஸ் திரும்பியது. கண்டக்டர் எழுப்பியபோது மறுபடியும் சூளகிரியில் இருந்தாள். இனிப் போய்த் திரும்ப நேரமில்லை என்று ஓசூருக்கே வந்துவிட்டாள். மேகலா பஸ் ஸ்டாண்டில் வெயில் சாயும்வரை நின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். இதை ஜெயமணி என் ஜன்னலில் நின்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்று இரவு போனில் மகள் சொன்னதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

"வர முடியலன்னா வரலன்னு சொல்லும்மா. பஸ் ஸ்டாண்டுல நிக்க வெக்காத. எல்லாரும் பாக்கறாங்க."

அதன் பிறகு போவது மாதம் ஒரு முறை ஆனது. மகள் பத்தாம் வகுப்புக்கு வந்ததும், பரீட்சை வருஷம், படிக்கட்டும், நடுவில் போய் ஏன் கெடுக்க வேண்டும் என்று அதையும் விட்டாள். எல்லா ஞாயிறும் ஓ.டி. தான். போனில் பேசும்போதெல்லாம் வீட்டைப் பற்றித்தான் பேச்சு. சீக்கிரம் வீடு பார்த்துவிடுவேன், கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். இரண்டு வருஷமாக அதே பேச்சு. அவள் அறை என்னுடையதை ஒட்டியது, சுவர் மெல்லியது, எனக்குக் கேட்கும். வரவர அந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்துபோனது.

பரீட்சை முடிந்த கோடையில் வீடு அமைந்தது. இரண்டு தெரு தள்ளி, மாடியில். ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை, உள்ளேயே குளியலறை. ஓனரம்மா தெலுங்குக்காரர், கண்டிப்பானவர், ஆனால் நல்லவர். அட்வான்ஸுக்குக் கொஞ்சம் குறைந்தது. அந்த மாதம் ஜெயமணி போனுக்கு ரீசார்ஜ் செய்யவில்லை.

"மாசக் கடைசியில நேர்லயே போகப் போறேன். இப்ப போன் என்னாத்துக்கு?" என்றாள். என் போனை நீட்டினேன். யாருடையதாக இருந்தாலும் காசு காசுதான் என்று வாங்கவில்லை.

பணத்தைக் கட்டிச் சாவியை வாங்கினாள். குளியலறைக் கதவின் பழைய தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது. புதியதாக ஒன்று வாங்கி அவளே முடுக்கினாள். இரண்டு வருஷத்தில் அவள் கடைக்குப் போய் விரும்பி வாங்கிய பொருள் எனக்குத் தெரிந்து அதுதான்.

மகளை அழைத்துவரத் துணைக்கு வர முடியுமா என்று என்னைக் கேட்டாள். துணிமணி, புத்தகம் எல்லாம் இருக்கும், நாலு கை இருந்தால் ஆட்டோ வேண்டாம் என்றாள். போனேன். அன்றைக்கும் நாலு டவுன் பஸ்தான். அறையில் ஜன்னல் தெருப்பக்கம் இருக்கிறதே, படிக்கிற பெண்ணுக்குச் சத்தமாக இருக்குமா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். சாவியைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள், மத்தூர் தாண்டியதும் அதை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

ருக்மணி எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். மேகலா உள்ளிருந்து வந்தாள். அம்மாவைவிட உயரமாகியிருந்தாள். ஜெயமணி கைக்குட்டையைப் பிரித்து, அதோடு சாவியை அவள் கையில் வைத்தாள். மேகலா அதைப் பார்த்தாள், பிறகு பெரியம்மாவைப் பார்த்தாள்.

"உனக்குப் போன் போட்டேன் போட்டேன், போகவே இல்ல ஜெயா" என்றாள் ருக்மணி. "இங்கயே ப்ளஸ் ஒன்னு சேத்துட்டேன். நாள் கடத்துனா சயின்ஸ் குரூப்பு கெடைக்காதுன்னாங்க."

ஜெயமணி பதறவில்லை. டி.சி. வாங்கிக்கொள்ளலாம், ஓசூரில் பள்ளிக்கூடமா இல்லை, தானே வந்து எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

"வேணாம்மா" என்றாள் மேகலா.

"என்னாடி வேணாம்? உள்ளயே பாத்ரூம் இருக்குது. உனக்குன்னு தனி ரூமு."

"போன் எடுத்திருந்தாலும் இதத்தாம்மா சொல்லியிருப்பேன். நாந்தான் பெரியம்மாகிட்ட இங்கயே சேத்து வுடச் சொன்னேன். நீ நைட் ஷிப்டு போவ. அங்க எனக்கு யாரத் தெரியும்?"

"நான் இருக்கறேன் இல்ல."

மேகலா சாவியைக் கைக்குட்டையில் வைத்து மறுபடி சுற்றினாள். கோபம் எதுவும் இல்லை அவளிடம். மெதுவாகத்தான் சொன்னாள்.

"உன்னையும் எனக்கு அவ்வளவாத் தெரியாதும்மா."

ருக்மணி அவளை அதட்டினாள், பெற்றவளிடம் பேசுகிற பேச்சா என்று. ஜெயமணி கையைக் காட்டி அக்காவை நிறுத்தினாள். பிறகு ஜெயமணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மத்தூர் பஸ் போய்விடும் என்று எழுந்தாள். ருக்மணி இன்று ஒரு இரவு இருந்துவிட்டுப் போ என்று எவ்வளவோ சொன்னாள். காலை ஷிப்டு என்று சொல்லிவிட்டாள்.

மேகலா பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். ஓசூர் போகும் நேர் பஸ் நின்றிருந்தது. ஜெயமணி வழக்கம்போல் அதைத் தாண்டி நடந்தாள்.

"அதுல போம்மா" என்றாள் மேகலா.

ஜெயமணி நின்றாள். திரும்பி வந்து அதில் ஏறினாள். எனக்கும் சேர்த்து அவளே டிக்கெட் எடுத்தாள், என்னைக் காசு எடுக்க விடவில்லை. கிருஷ்ணகிரியில் பஸ் மேம்பாலம் ஏறும்போது, வீடு வேண்டாம் என்று இப்போதே சொன்னால் அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டாள். ஒரு மாதமாவது பிடிப்பார்கள் என்றேன். சூளகிரி விளக்குகள் தெரிகிறவரை அதை யோசித்தாள் என்று நினைக்கிறேன்.

"வேணாம்க்கா" என்றாள். "இப்ப வுட்டுட்டா, அவ வரேங்கறப்ப மறுபடியும் பத்து மாசத்துக்குச் சேக்கணும்."

அடுத்த வாரம் அவள் மட்டும் குடி போனாள். கொண்டுபோன சாமானில் ஒரு தள்ளுவண்டிகூட நிறையவில்லை. லைன் வீட்டில் யாரும் வெளியே வந்து பார்க்கவில்லை. அவளிடம் கோபம் யாருக்கும் கிடையாது. அங்கே அவள் இருந்ததே பலருக்கு மறந்து போயிருந்தது.

அந்த வருஷம் காலாண்டு விடுமுறைக்கு மேகலா வந்தாள். நான்கு நாள் இருந்தாள். ஜெயமணிக்கு மதிய ஷிப்டு, லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் பெண் என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, நான் மாவு ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எங்கம்மா இங்க யாருகூடப் பேசுவாங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"என்கூட" என்றேன். அது முழுப் பொய் இல்லை.

மேகலா இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. கல்லூரி எங்கே என்ற பேச்சை அவளும் எடுக்கவில்லை, ஜெயமணியும் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஜெயமணி நேர் பஸ்ஸில் ஊத்தங்கரைக்குப் போகிறாள், அக்கா வீட்டிலேயே இரவு தங்குகிறாள். மகளோடு என்ன பேசுவது என்று போகும்போதே யோசித்து வைத்துக்கொள்வதாக என்னிடம் சொன்னாள். போனில் எப்போதும் ரீசார்ஜ் இருக்கிறது. டீக்கடைக் கூட்டில் அவள் இடத்துக்கு வேறு ஒருத்தி வந்துவிட்டாள், அதனால் இப்போதும் மின்கம்பத்தின் பக்கத்தில்தான் நிற்கிறாள். கடன் யாருக்கும் இல்லை, வாடகை ஒன்றாம் தேதி போய்விடுகிறது, வங்கியில் பணம் இருக்கிறது. மாடி வீட்டில் அறையை மகளுக்கென்று விட்டுவிட்டு ஹாலில் படுத்துக்கொள்கிறாள்.